கடைசிக் கிண்ணத்துக்கு ஜவாப்தாரி யார்?

1968-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு நாள் மாலை, கனடா தேசத்தின் ஒண்டேரியோ மாகாணத்தில், நயாகரா பிரதேசத்திலுள்ள ஜோர்டான் ஹவுஸ் என்னும் ஹோட்டலில் ஒருவர் பீர் அருந்த உட்கார்ந்தார். அவர் அங்கே புதியவரல்லர். குடித்தால் நிதானம் தப்புகிறவர் என்பதும், பிற வாடிக்கைக்காரர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறவர் என்பதும் ஹோட்டல்காரர்களுக்கு நன்றாய்த் தெரியும். பொறுப்புள்ள ஒருவர் துணைக்கு வந்தாலன்றி அவருக்கு மது கொடுக்கலாகாதென்று சிப்பந்திகளுக்கு முன்பே உத்தரவும் இருந்தது. உத்தரவு ஒரு பக்கம் இருக்க, பீர் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. இரவு அவர் எழுந்து பிறருடைய மேஜைகளண்டை தள்ளாடத் தொடங்கியபோதுதான் ஹோட்டல்காரர்களுக்கு ஒழுங்கின் நினைவு வந்தது. மழையும் காற்றுமாயிருந்த இருட்டில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒருவர் இரங்கித் தம் வண்டியில் சிறிது தூரம் ஏற்றிச் சென்று இறக்கிவிட்டார். அதன்பின் நெடுஞ்சாலையில் தடுமாறி நடந்தவர்மீது ஒரு மோட்டார் கார் மோதிற்று.

உயிர் தப்பிய அவர், காரை ஓட்டியவர் மேலும் ஹோட்டலின் மேலும் நஷ்டஈட்டுக்குப் பிராது கொடுத்தார். ‘குடித்தவர் தாமே, நடந்தவர் தாமே, எங்கள்மேல் என்ன வழக்கு?’ என்று ஹோட்டல்காரர்கள் வாதாடினார்கள். விசாரணை நீதிபதி குற்றத்தை மூன்று சம பங்காகப் பிரித்தார். குடித்தவருக்கு ஒரு பங்கு, கவனமின்றி ஓட்டியவருக்கு ஒரு பங்கு, ஊற்றிக் கொடுத்த ஹோட்டலுக்கு ஒரு பங்கு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. பின்னர் அத்தேசத்தின் தலைமை நீதிபதியான போரா லாஸ்கின் 1973-ம் வருஷத்தில் அத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தார். மதுக்கடைக்காரர் ஒவ்வொருவரும் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் காவல்காரராயிருக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. இந்த மனிதரின் நிலைமையை அறிந்தே ஊற்றிக் கொடுத்துவிட்டு, அறிந்தே ஆபத்தில் தள்ளினார்களே, அதற்குத்தான் ஜவாப்தாரி என்றார். போலீஸாருக்குச் சொல்லியனுப்பலாம், பத்திரமாய் வீட்டுக்கு அனுப்பலாம், ஹோட்டலிலேயே ஓர் அறை கொடுத்துப் படுக்க வைக்கலாம். இவற்றில் ஒன்றுகூடச் செய்யாதவர்கள் கைகழுவிக்கொள்ள இடமில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்நிய நாட்டு வழக்கொன்றை இவ்வளவு விஸ்தாரமாய் எடுத்துச் சொல்வதற்குக் காரணமுண்டு. நமது நாட்டில் குடியைப்பற்றிப் பேசாதவரில்லை. குடிப்பவனை இகழாதவரில்லை. அவன் வண்டியோட்டினால் தண்டிக்கவும் சட்டமிருக்கிறது. ஆனால், அவனுக்குக் கடைசிக் கிண்ணத்தை நீட்டிய கையைப்பற்றி மட்டும் நமது சட்டம் வாய் திறப்பதில்லை. லாபம் விற்றவனைச் சேர்கிறது. நஷ்டம் வீதியில் போனவனைச் சேர்கிறது. இது தர்மமாகுமா என்பதே நாம் இன்று கேட்கும் கேள்வி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வி இன்று நேற்று பிறந்ததன்று. அங்கே சாராயத்தைச் சில்லறையாய் விற்கும் கடைக்கு, ‘டிராம்’ என்னும் சிறிய அளவையின் பெயரால், டிராம் கடை என்று பெயர். 1849-ம் வருஷத்தில் விஸ்கான்ஸின் மாகாணமும், 1853-ல் இந்தியானாவும், 1872-ல் இல்லினாயும், 1873-ல் நியூயார்க்கும் டிராம் கடைக்காரரின் ஜவாப்தாரியைப்பற்றிச் சட்டங்கள் இயற்றின. குடியினால் பிழைப்பிழந்த குடும்பங்களின் கண்ணீரே அச்சட்டங்களுக்கு மூலகாரணம். ‘என் கணவனைக் குடிக்க வைத்து என் பிள்ளைகளின் சோற்றைப் பறித்தாய்’ என்று மனைவி கடைக்காரன்மேல் வழக்குப் போடும் உரிமை இதனால் உண்டாயிற்று. நியூயார்க்கில் 1878-ம் வருஷத்தில் தீர்ந்த ஒரு வழக்கு வேடிக்கையானது. ஒருவரின் மகன் ஹோட்டலில் குடித்துவிட்டு, தகப்பனாரின் குதிரையை மட்டுமீறி ஓட்டினான். குதிரை செத்தது. அதன் கிரயத்தை, மது விற்பனைக்கென்று தெரிந்தே இடத்தை வாடகைக்கு விட்ட சொந்தக்காரரிடமிருந்து வசூலிக்கலாமென்று கோர்ட்டார் தீர்மானித்தார்கள். விற்றவன் மட்டுமல்ல, விற்க இடங்கொடுத்து வாடகை வாங்கியவனும் பொறுப்பாளி! இந்தக் குதிரையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்னொரு குதிரை பின்னால் வரும்.

அமெரிக்காவில் பூரண மதுவிலக்கு 1933-ல் எடுபட்டபின், பல மாகாணங்கள் இச்சட்டங்களை ரத்து செய்தன. ஆனால் மோட்டார் கார் பெருகியது. குடித்தவன் கெடுத்துக்கொண்டது தன் குடும்பத்தை மட்டுமாயிருந்த காலம் போய், ஊர் பேர் அறியாதவரின் குடும்பத்தையும் கெடுக்கும் காலம் வந்தது. 1959-ல் நியூஜெர்ஸி சுப்ரீம் கோர்ட்டு, வயது வராத சிறுவனுக்கு மது விற்ற கடைகள், அவன் கார் மோதி இறந்தவரின் குடும்பத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்று விதித்தது. பெரும்பாலான மாகாணங்களில் இன்று ஏதேனும் ஒரு வடிவில் இந்த ஜவாப்தாரி இருக்கிறது. கடைக்காரர்கள் சும்மா இருந்தார்களென்று எண்ண வேண்டாம். 1971-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு கடைக்காரரைப் பொறுப்பாளியாக்கியது. 1978-ல் அம்மாகாணச் சட்டசபை, வெளிப்படையாய்ப் போதையிலிருக்கும் சிறாருக்கு விற்பதைத் தவிர மற்றவற்றிலிருந்து அவரை விடுவித்துவிட்டது. டெக்ஸாஸ் மாகாணம் 1987-ல் ஒரு நடுவழி கண்டது. தனக்கும் பிறருக்கும் அபாயமென்று கண்ணால் கண்டாலே தெரியும் நிலையிலுள்ளவனுக்கு விற்றால்தான் பொறுப்பு; சிப்பந்திகளை முறையாய்ப் பயிற்றுவித்து, சட்டத்தை மீறத் தூண்டாத முதலாளிக்குப் பாதுகாப்பு.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைப்பது பத்திரிகை தர்மமன்று. 2009-ல் ஆஸ்திரேலிய ஹைகோர்ட்டு தீர்த்த டாஸ்மேனியா வழக்கில், ஒருவர் மோட்டார் சைக்கிளின் சாவியை விடுதிக்காரரிடம் ஒப்படைத்தார். குடித்தபின் சாவியைத் திருப்பிக் கேட்டார். விடுதிக்காரர் கொடுத்தார். வீடு போய்ச் சேருமுன் அவர் இறந்தார். வயது வந்த மனிதன் தன் வண்டியைக் கேட்டால் மறுக்க விடுதிக்காரருக்கு உரிமையில்லை, ஆகவே பொறுப்புமில்லை என்று கோர்ட்டார் சொன்னார்கள். இங்கிலாந்தில் போதையிலிருப்பவருக்கு மது விற்பது 2003-ம் வருஷத்து லைசென்ஸ் சட்டப்படி குற்றம். ஆனால் நஷ்டஈட்டு விஷயத்தில் கோர்ட்டுகள் தயங்கியே நிற்கின்றன. அவனவன் செய்கைக்கு அவனவனே பொறுப்பு என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

சித்தாந்தம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால், நாலாவது கிண்ணத்தைக் கேட்பவன் யார்? அவனா, முன் மூன்று கிண்ணங்களா? சுயபுத்தியைப் பறிக்கும் சரக்கை விலைக்கு விற்றுவிட்டு, ‘வாங்கியவன் சுயபுத்தியோடு வாங்கினான்’ என்று வாதிப்பது, கண்ணைக் கட்டிவிட்டு ‘ஏன் கிணற்றில் விழுந்தாய்’ என்று கேட்பதை ஒக்கும்.

இதற்கு நமது சட்டப் புஸ்தகத்திலேயே ஆதாரமிருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவை வக்கீல்கள் எல்லோரும் அறிவார்கள். ஒப்பந்தத்தின் நிபந்தனையையும் தன் நன்மை தீமையையும் அறியாத அளவு குடித்திருப்பவன், அந்தப் போதை நீடிக்கும் வரையில் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன் என்பது அப்பிரிவின் கீழுள்ள உதாரணம். அந்நிலையில் அவன் காணியை எழுதிக் கொடுத்தால் பத்திரம் செல்லாது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் கடன் நிற்காது. அதே மனிதன், அதே நிமிஷத்தில், இன்னொரு பாட்டில் வேண்டுமென்று பணத்தை நீட்டினால் மாத்திரம் அந்த வியாபாரம் சுத்தமான வியாபாரமாகிவிடுகிறது! அவனுடைய அரைக் காணி நிலத்தைக் காக்கும் சட்டம் அவன் உயிரைக் காக்க மறுக்கிறது. அவன் எதிரே வருகிறவனின் உயிரையும் காக்க மறுக்கிறது. இந்த முரண்பாட்டுக்குச் சமாதானம் சொல்லக்கூடிய சட்ட நிபுணரை நாம் இதுவரை சந்தித்ததில்லை.

இனி நம் தமிழ்நாட்டின் நிலைமைக்கு வருவோம். மற்ற நாடுகளில் இவ்வழக்குகளெல்லாம் தனி மனிதனுக்கும் தனி முதலாளிக்கும் நடந்தவை. நமது நாட்டிலோ விற்பவர் சர்க்காரே. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடைகளின் முன் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியல் செய்ததும், 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியதும் நம் சரித்திரம். 1971-ல் அத்தடை நீக்கப்பட்டது. பிறகு சில காலம் இறுகியும் தளர்ந்தும் வந்தது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் பிறந்தது. 2003-ம் வருஷக் கடைசியில் சில்லறை வியாபாரமும் அதன் கைக்கு வந்தது. மதுவிலக்கினால் உண்டான நஷ்டத்தை ஈடுசெய்ய ராஜாஜி 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். குடியை நிறுத்துவதற்காகப் பிறந்த அந்த வரியின் வாரிசு இன்று குடியின்மீதே விதிக்கப்பட்டு, கலால் வரியோடு சேர்ந்து, 2023–24-ம் வருஷத்தில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்குக் கொண்டுவந்தது. விதியின் விளையாட்டு என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். நாம் சொல்வது வேறு. 45,000 கோடி வரவு வைத்துக்கொள்ளும் வியாபாரி, பற்றுப் பக்கத்தையும் தன் கணக்கிலேயே எழுத வேண்டும்.

தனியார் கடைக்காரனாவது ஒரு சாக்கு சொல்லலாம்: ‘நான் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவான், வியாபாரம் எனக்குப் போய்விடும்.’ நட்சத்திர ஹோட்டல்களையும் கிளப்புகளையும் நீக்கிப் பார்த்தால், தமிழ்நாட்டில் அடுத்த கடையும் சர்க்கார் கடைதான். மறுப்பதால் அவர்களுக்கு எந்தப் போட்டியாளரும் முந்திக்கொள்ளப் போவதில்லை. ஆகையால், உலகத்திலுள்ள மது வியாபாரிகளில் ‘போதும், இனி இல்லை’ என்று சொல்லச் சக்தி மிகுந்தவர் நமது சர்க்காரே. சக்தி மிகுந்த இடத்தில் ஜவாப்தாரியும் மிகுந்திருக்க வேண்டாமா?

‘சர்க்கார்மேல் வழக்குப் போட முடியுமா?’ என்று கேட்பவர்களுக்காகவே இரண்டாவது குதிரை. 1861-ம் வருஷத்தில், கல்கத்தாவின் கிடர்ப்பூர் கப்பல் துறையில், சர்க்கார் வேலையாட்கள் ஓர் இரும்புத் துண்டைச் சாலையிலே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயமடைந்தது. கம்பெனி வழக்குத் தொடுத்தது. ஆட்சி செலுத்தும் அதிகாரத்தினால் செய்யும் காரியம் வேறு, எந்தத் தனி மனிதனும் செய்யக்கூடிய வியாபார காரியம் வேறு. பின்னதில் சர்க்காரும் சாதாரண முதலாளியைப்போலவே பொறுப்பாளி என்று தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக் தீர்த்தார். நமது அரசியல் சட்டத்தின் 300-வது விதிக்கு வியாக்கியானம் செய்யும்போது இன்றும் கோர்ட்டுகள் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பாட்டில் விற்பது ராஜ்ய பாரமா, வியாபாரமா? வாணிபக் கழகம் என்று தாங்களே பெயர் வைத்து, கம்பெனியாகப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஆகவே ராஜாதிகாரம் என்னும் கேடயம் இங்கே உதவாது. நியூயார்க்கில் செத்த குதிரைக்கும் கல்கத்தாவில் காயம்பட்ட குதிரைக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நியாயம் கிடைத்துவிட்டது. நமது நெடுஞ்சாலைகளில் விழும் மனிதனுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

சுப்ரீம் கோர்ட்டார் இந்த அபாயத்தை அறியாமலில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான், 2016-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி, தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் மாகாண நெடுஞ்சாலைகளுக்கும் 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாதென்று உத்தரவிட்டார்கள். மறு வருஷமே சிற்றூர்களுக்குத் தூரம் 220 மீட்டராய்க் குறைந்தது. நகரசபை எல்லைகளுக்குள் தடை இல்லையென்றும் ஆயிற்று. தூரத்தை அளந்து தப்புவது எளிது. ஜவாப்தாரியை அப்படி அளந்து தப்ப முடியாது. கடை எங்கேயிருந்தாலும் விளைவுக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால், கடைக்காரர் தாமே ஜாக்கிரதையாயிருப்பார்.

இங்கிலாந்து தயங்குகிறதே, நாம் முந்தலாமா என்று சிலர் கேட்பார்கள். லண்டனைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் காலம் போய்விட்டது. டில்லியில் விஷவாயு கசிந்த வழக்கில், 1986-ம் வருஷத்தில், நீதிபதி பகவதியும் அவருடைய சகாக்களும் இங்கிலீஷ் விதியைத் தாண்டி ஒரு புதிய விதி வகுத்தார்கள். அபாயகரமான தொழிலை லாபத்துக்காக நடத்துகிறவன், அதனால் விளையும் தீங்குக்கு விலக்கின்றிப் பொறுப்பாளி. அவன் லாபத்தோடு சேர்ந்தது அந்தச் செலவு என்றார்கள். மதுவில் வியாபாரம் செய்வது எவருக்கும் அடிப்படை உரிமையன்று என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. போதைப் பானங்களை விலக்க முயல்வது ராஜ்யத்தின் கடமையென்று அரசியல் சட்டத்தின் 47-வது விதி கூறுகிறது. இத்தனை அஸ்திவாரமிருந்தும் வீடு கட்டாமலிருப்பது மனமில்லாமையே தவிர வழியில்லாமையன்று.

மோட்டார் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிறதே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கொடுக்கும். இல்லாத வண்டிகள் எத்தனை! வண்டியே ஓட்டாமல், சாலையோரத்தில் விழுந்து இறந்தவனின் மனைவிக்கு யார் கொடுப்பது? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்தில் விஷச் சாராயத்தினால் அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்டபோது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது. துக்கத்திலிருப்பவர்களுக்குக் கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால், திருட்டுச் சாராயத்துக்குக் கருணை காட்டும் கை, தன் சொந்தச் சரக்கின் விளைவுக்கு மூடிக்கொள்வானேன்? கருணை கொடுப்பவர் இஷ்டம். உரிமை கேட்பவர் சொத்து. நாம் கேட்பது கருணையல்ல, உரிமை.

வேறொரு ஆட்சேபம் நம் நண்பர்களிடமிருந்தே வரக்கூடும். பூரண மதுவிலக்கை விரும்புகிறவர்கள், விற்பவனுக்குப் பொறுப்பு வகுப்பது விற்பனைக்கு மரியாதை கொடுப்பதாகாதா என்று ஐயுறலாம். மதுவிலக்கில் நமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. எனினும், வீடு முழுவதும் கட்டும் வரையில் கூரையொழுகலை அடைக்கலாகாதென்பது புத்தியாகாது. அமெரிக்காவில் இச்சட்டங்களுக்காக முதலில் போராடியவர்களும் மதுவிலக்குக்காரர்களே என்பதை அவர்கள் மறக்கலாகாது.

ஆகவே, நமது சட்டசபை செய்யவேண்டிய காரியத்தைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். கண்டாலே தெரியும்படி நிதானமிழந்தவனுக்கும், சட்டப்படி வயது வராதவனுக்கும் மது விற்றவர், அதனால் மூன்றாம் மனிதருக்கும், குடித்தவனின் மனைவி மக்களுக்கும் உண்டாகும் நஷ்டத்துக்குப் பொறுப்பாளியாக வேண்டும். கழகத்தின் கடையை ஒட்டி ‘பார்’ நடத்தும் குத்தகைதாரரும், அவருக்கு அனுமதி கொடுத்துப் பணம் வாங்கும் கழகமும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும். குடித்தவனின் பங்கும், ஓட்டியவனின் பங்கும் கழிக்கப்பட வேண்டும். குடிகாரனுக்கு இது மன்னிப்புச் சீட்டாகலாகாது. நிதானத்தோடு வந்து, மூடிய பாட்டிலை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோனவனின் செய்கைக்குக் கடைக்காரனைப் பிடிப்பது நியாயமன்று. கனடா சுப்ரீம் கோர்ட்டு, 1995-ல், மது விற்கும் ஸ்தாபனங்கள் சாலையில் செல்லும் மூன்றாம் மனிதருக்கும் கடமைப்பட்டவை என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த வழக்கில், குடித்தவரோடு குடிக்காத உறவினர் இருந்ததைக் காட்டி ஸ்தாபனத்தை விடுவித்தது. அத்தகைய நிதானம் நமது சட்டத்திலும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இவருக்கு இனிக் கொடுக்கமாட்டேன்’ என்று மறுக்கும் விற்பனையாளருக்குச் சட்டம் துணை நிற்க வேண்டும். சொற்பச் சம்பளத்துக்கு, இரவு நேரத்தில், போதைக் கூட்டத்தின் எதிரே நிற்கும் அவர் தலையில் பழியைச் சுமத்திவிட்டு மேலேயிருப்பவர்கள் தப்பித்துக்கொள்ள இடங்கொடுக்கலாகாது.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மறியலில் நம் முன்னோர் கடை வாயிலில் நின்று குடிக்க வந்தவனைக் கைகூப்பி வேண்டினார்கள். அன்று கடையின் பின்னால் அந்நிய சர்க்காரின் கலால் இலாகா இருந்தது. இன்று அங்கே நம் வோட்டினால் அமர்ந்த சர்க்கார் இருக்கிறது. ஆகையால் வேண்டுகோள் இப்போது வாங்குகிறவனிடத்தில் மட்டும் போதாது; விற்பவரிடத்திலும் செய்யப்பட வேண்டும். விற்பவர் நம் பெயரால் விற்கிறார். அந்தப் பணம் நம் பெயரால் கஜானா சேருகிறது. கடைசிக் கிண்ணத்தை நீட்டும் கை, யோசித்துப் பார்த்தால், நம்முடைய கையே. அந்தக் கை செய்த காயத்துக்கு அந்தக் கையே மருந்திட வேண்டுமென்று கேட்பதற்கு நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.